ஆய்வு நாள்

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு பத்தரை மணிக்கு அக்கா மகள் போன் செய்தாள். அந்த நேரத்தில் அவள் கூப்பிடுகிற வழக்கமில்லை. அப்போது அவள் அண்டை மாநிலத்தில் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில் எம்பிபிஎஸ் மூன்றாம் ஆண்டு. கல்லூரியின் பெயர் இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை.

“மாமா, நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷன்.”

“சரி.”

“வார்டுல பேஷண்ட் இல்ல. பக்கத்துக் கிராமத்துல இருந்து வேன்ல ஆள் கூட்டிட்டு வராங்க. அது பத்தாதாம். ஹாஸ்டல்ல இருந்தும் கொஞ்சம் பேரைப் படுக்கச் சொல்றாங்க. லிஸ்ட்ல என் பேரும் இருக்கு. கேஸ் ஷீட்கூட எழுதி முடிச்சாச்சு. எனக்கு அப்பெண்டிசைட்டிஸ்.” சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. “படுக்கவா, வேண்டாமா மாமா?”

யோசிக்க நான் எடுத்துக்கொண்ட நேரம் மூன்று நொடிகூட இருக்காது. “படுத்திரு. ஒரு நாள்தான? எல்லாரும் பண்றதுதான். நீ மட்டும் முறைச்சுக்கிட்டு நின்னா இன்டர்னல் மார்க்குல கை வைப்பாங்க. அப்பா காட்டை வித்துப் படிக்க வைக்கிறார், ஞாபகம் வச்சுக்கோ.”

“ம்” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அத்தான் கோவில்பட்டிப் பக்கம் நாலு ஏக்கர் கரிசல் காட்டை விற்றது உண்மை. இன்டர்னல் மார்க்கில் கை வைப்பார்கள் என்பதும் உண்மையாகவே இருக்கக்கூடும். எல்லாரும் செய்வதுதான் என்பதும்கூட. நான் சொன்ன ஒவ்வொரு வாக்கியமும் தனியாக எடுத்துப் பார்த்தால் சரியாகத்தான் இருந்தது. அப்படியிருந்தும் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த மூன்று நொடியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

*

பதில் அவ்வளவு சுலபமாக வந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. நானும் அப்படி ஒரு நாளில் நடித்தவன்.

பொறியியல் கல்லூரியில் அப்போது இரண்டாம் ஆண்டு. ஆய்வுக் குழு வருவதற்கு முந்தைய நாள், அதே நிர்வாகத்தின் இன்னொரு கல்லூரியிலிருந்து டெம்போவில் கணினிகள் வந்து இறங்கின. இரவெல்லாம் நாங்கள் வயர் இழுத்தோம். எல்லாருக்கும் பரோட்டா வாங்கிக் கொடுத்தார்கள். காலையில் துறைத் தலைவர் அறைக்கு வெளியே டை கட்டிய புதுமுகங்கள் ஐந்தாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். குழுவோடு வந்த ஒரு வயதான பேராசிரியர் லேபில் என் பக்கத்தில் நின்று, “டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் யார் எடுக்கிறாங்க தம்பி?” என்று கேட்டார். அன்று காலையில்தான் முதன்முதலாகப் பார்த்த ஒருவரைக் காட்டி, “இவர்தான் சார்” என்றேன். அந்த மனிதரும் பல நாள் பாடம் எடுத்தவர்போல என்னைப் பார்த்துத் தலையசைத்தார். மறுநாள் கணினிகளும் போய்விட்டன, அவரும் போய்விட்டார்.

எங்களுக்கு அது திருவிழா. பல வருடங்கள் அதை நகைச்சுவைக் கதையாகத்தான் நண்பர்களிடம் சொல்லிவந்தேன். அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழுள்ள கல்லூரிகளில் ஒரே ஆசிரியர் ஒரே சமயத்தில் பல கல்லூரிகளின் முழுநேர ஊழியராகக் கணக்கில் காட்டப்பட்டிருப்பதை 2024ல் அறப்போர் இயக்கம் வெளியிட்டது. அப்படி 300க்கும் மேற்பட்டவர்கள். செய்தியைப் படித்தபோது எனக்கு ஆச்சரியம் ஏற்படவில்லை. டை கட்டிய அந்த மனிதர் இப்போது எந்தக் கல்லூரியில் தலையசைத்துக்கொண்டிருப்பார் என்றுதான் தோன்றியது.

நான் தப்பித்துக்கொண்டேன். டேட்டா ஸ்ட்ரக்சர்ஸை வேலைக்குச் சேர்ந்த பிறகு கற்றுக்கொண்டேன். என் முதல் மேலாளர் என் கோடின் ஒவ்வொரு வரியையும் படித்துத் திருப்பி அனுப்புவார். நான் செய்த தவறுகள் டெஸ்ட் சர்வரில் மாட்டின. அதையும் தாண்டிப் போனவற்றைப் பழைய வெர்ஷனுக்குத் திரும்பிச் சரிசெய்தோம். மென்பொருளும் ஆளைக் கொல்லும் என்று எனக்குத் தெரியும். ஆனால் என் கைக்கும் ஒரு மனித உயிருக்கும் நடுவில் எப்போதும் பல ஜோடிக் கண்கள் இருந்தன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவு இரண்டு மணிக்குத் தனியாக இருக்கும் இருபத்து நான்கு வயது டாக்டருக்கும், மூச்சுத் திணறலோடு வரும் குழந்தைக்கும் நடுவில் எந்தக் கண்ணும் கிடையாது. அங்கே பழைய வெர்ஷன் என்று ஒன்று இல்லை.

*

கொஞ்சம் கணக்கைப் பார்ப்போம். 2014ல் இந்தியாவில் 387 மருத்துவக் கல்லூரிகள் இருந்தன. எம்பிபிஎஸ் இடங்கள் 51 ஆயிரத்துச் சொச்சம். பத்தே ஆண்டுகளில் கல்லூரிகள் 780 ஆகிவிட்டன. இடங்கள் 1 லட்சத்து 10 ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. அடுத்த ஐந்தாண்டுகளில் மேலும் 75 ஆயிரம் மருத்துவ இடங்கள் என்று 2024 சுதந்திர தின உரையில் பிரதமர் அறிவித்தார். தமிழ்நாட்டில் 2022 ஜனவரி 12 அன்று ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் 1,450 இடங்களோடு திறக்கப்பட்டன. விருதுநகர், ராமநாதபுரம், அரியலூர், கள்ளக்குறிச்சி என்று அதுவரை மருத்துவத்துக்கு அடுத்த மாவட்டத்தைப் பார்த்திருந்த ஊர்கள் அந்தப் பட்டியலில் இருந்தன.

இந்தப் பெருக்கத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. தாத்தாவுக்கு நெஞ்சு வலி வந்தபோது கோவில்பட்டியில் பார்த்துவிட்டு, பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். கார் கயத்தாறைத் தாண்டவில்லை. அந்தப் பக்கத்துக்காரன் எவனும் ‘இத்தனை டாக்டர்கள் எதற்கு’ என்று கேட்க மாட்டான்.

பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. ஓர் இடத்தை உண்டாக்க ஓர் அரசாணை போதும். ஓர் ஆசிரியரை உண்டாக்க எம்பிபிஎஸ் பயிற்சிக் காலத்தோடு சேர்த்து ஐந்தரை ஆண்டு, அதற்குப் பிறகு எம்டி அல்லது எம்எஸ் மூன்று ஆண்டு, பிறகு சீனியர் ரெசிடென்டாக ஓராண்டு வேண்டும். எங்கும் தடங்கல் இல்லாமல் போனாலும் ஒன்பதரை ஆண்டு. அதாவது 2014ல் கல்லூரிக்குள் நுழைந்த மாணவன் உதவிப் பேராசிரியராக வந்து நிற்பதற்குள் கல்லூரிகள் இரண்டு மடங்காகிவிட்டன. அப்படி வருபவர்களிலும் உடற்கூறியல், உடலியங்கியல் போன்ற துறைகளை விரும்பி எடுப்பவர்கள் குறைவு. வெளியே கிளினிக் வைக்க முடியாத படிப்பு அது. முதலாண்டு முழுக்க நிற்பதோ அந்தத் துறைகளின் மேல்தான்.

நோயாளிகள் விஷயமும் இதேபோலத்தான். 150 மாணவர்களைச் சேர்க்க வேண்டுமானால் 600க்கு மேல் படுக்கைகள் இருக்க வேண்டும், அவற்றில் பெரும்பகுதி வருடம் முழுக்க நிரம்பியிருக்க வேண்டும் என்று விதி. படுக்கையைக் காசு கொடுத்து வாங்கலாம். நோயாளியை அப்படி வாங்க முடியாது. ஊருக்கு வெளியே நெடுஞ்சாலையோரம் கட்டிய மருத்துவமனைக்கு, அங்கே நல்ல டாக்டர் இருக்கிறார் என்ற பேச்சு பரவினால்தான் ஜனம் வரும். பேச்சு பரவப் பத்து வருடம் ஆகும். ஆய்வுக் குழுவோ திங்கட்கிழமை வருகிறது.

விதி எதை எண்ணுகிறதோ அது மட்டும் நிரப்பப்படும். ஓர் அளவீடு இலக்காக மாறிய கணத்தில் அது நல்ல அளவீடாக இருப்பதை நிறுத்திவிடுகிறது என்று பொருளாதாரத்தில் குட்ஹார்ட் பெயரில் ஒரு விதி உண்டு. என் தொழிலில் அதைத் தினமும் பார்க்கிறேன். கோடில் 80 சதவீதமாவது டெஸ்ட்டுகளால் தொடப்பட்டிருக்க வேண்டும் என்று மேலிடம் சொன்னால், எதையும் சோதிக்காமல் எல்லா வரிகளையும் ஓட்டிவிட்டுப் பச்சை விளக்கு காட்டும் டெஸ்ட்டுகள் ஒரே வாரத்தில் எழுதப்பட்டுவிடும். மருத்துவக் கல்லூரி ஆசிரியர்களின் வருகையை உறுதிசெய்யக் கைரேகை இயந்திரம் வந்தது. ஆய்வுகளில் நடந்த லஞ்சம் பற்றி மத்தியப் புலனாய்வுத் துறை 2025ல் பதிவுசெய்த வழக்கில் போலி ஆசிரியர்கள், போலி நோயாளிகள் பற்றிய குற்றச்சாட்டுகளோடு, கைரேகையைப் போலியாகச் செய்து வருகை காட்டினார்கள் என்ற குற்றச்சாட்டும் இருந்தது. அதே ஆண்டில் விரல் போய் முகத்தை அடையாளம் காணும் முறை வந்தது. முகம் இருக்கிறதா என்று செயலி சொல்லிவிடும். அந்த முகம் அன்று ஒரு மாணவனுக்கு ஏதாவது சொல்லிக்கொடுத்ததா என்பதைச் சொல்லும் செயலியை நான் எழுத முடியாது. என்னைவிடக் கெட்டிக்காரர்களாலும் முடியாது.

*

ஆய்வு நாள் நம் ஊர்க் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவில் கார்னகி அறக்கட்டளை ஒன்று, ஆபிரகாம் ஃப்ளெக்ஸ்னர் என்பவரை அமெரிக்கா, கனடா இரண்டு நாடுகளிலும் உள்ள மருத்துவப் பள்ளிகளை நேரில் போய்ப் பார்த்து அறிக்கை தரச் சொன்னது. அவர் மருத்துவர் இல்லை, லூயிவில் நகரில் பள்ளிக்கூடம் நடத்தியவர். மொத்தம் 155 பள்ளிகள். அவற்றில் பல, நாலைந்து டாக்டர்கள் கூட்டுச் சேர்ந்து கட்டணத்தைப் பங்கு போட்டுக்கொண்ட வியாபாரங்கள். சோதனைக்கூடம் பெயரளவில்தான். நோயாளியைத் தொட்டே பார்க்காமல் பட்டம் வாங்கிப் போனவர்கள் ஏராளம்.

தன் வாழ்க்கை வரலாற்றில் அவர் ஒரு சம்பவம் சொல்கிறார். டி மாயின் நகரில் ஒரு கல்லூரி. வராந்தா நெடுக உடற்கூறியல், உடலியங்கியல், நோயியல் என்று பலகை மாட்டிய கதவுகள். எல்லாம் பூட்டியிருந்தன. சாவி வைத்திருப்பவர் இல்லை என்றார் முதல்வர். ஃப்ளெக்ஸ்னர் நன்றி சொல்லி ரயில் நிலையத்துக்குப் போவதுபோலப் போய்விட்டுத் திரும்பி வந்தார். காவலாளி கையில் ஐந்து டாலரை வைத்துக் கதவுகளைத் திறக்கச் செய்தார். ஒவ்வொரு அறைக்குள்ளும் ஒரு மேஜை, ஒரு கரும்பலகை, சில நாற்காலிகள். அதற்கு மேல் எதுவும் இல்லை. இதைப் படித்தபோது எனக்கு எங்கள் லேப் ஞாபகம் வந்தது. குழுவோடு வந்த அந்த வயதானவர் மறுநாளும் வந்திருந்தால் என்ன பார்த்திருப்பார்?

1910ல் அறிக்கை வந்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே தொடங்கியிருந்த மூடல்களும் இணைப்புகளும் வேகம் பிடித்தன. 1920களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மிஞ்சியவை எண்பதுச் சொச்சம் பள்ளிகள்தாம். சோதனைக்கூடம், முழுநேர ஆசிரியர், நோயாளியின் படுக்கையருகே பாடம் என்று இன்று மருத்துவக் கல்வி என்றதும் நாம் கற்பனை செய்யும் எல்லாவற்றுக்கும் அந்த அறிக்கை பெரிய உந்துதல். அவர் முன்மாதிரியாகக் காட்டியது ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தை.

இதற்கு விலை கொடுத்தவர்கள் யார் என்று பார்த்தால்தான் நெருடுகிறது. அப்போது கறுப்பினத்தவருக்கென்று ஏழு மருத்துவப் பள்ளிகள் இருந்தன. ஹாவர்ட், மெஹாரி இரண்டைத் தவிர மற்றவை வளர்க்கத் தகுந்தவை அல்ல என்று ஃப்ளெக்ஸ்னர் எழுதினார். அந்த ஐந்தும் மூடப்பட்டன. அவை தொடர்ந்திருந்தால் பிற்பாடு 35 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மருத்துவர்கள் வந்திருப்பார்கள் என்று 2020ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. பெண்களுக்கான பள்ளிகளில் பென்சில்வேனியாவில் இருந்த ஒன்று மட்டும் தப்பியது. கறுப்பின மருத்துவர்களின் வேலை அவர்கள் இனத்துக்கு வைத்தியம் பார்ப்பதும், சுகாதாரம் சொல்லிக்கொடுப்பதும், அதன் வழியாக வெள்ளையர்களுக்கு நோய் தொற்றாமல் காப்பதும் என்ற தொனி அந்த அறிக்கையில் இருக்கிறது. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் அவர் பெயரில் கொடுத்துவந்த விருதிலிருந்து அந்தப் பெயரை 2020ல் நீக்கியது.

அந்த அறிக்கையில் என்னை அதிகம் தொந்தரவு செய்யும் பகுதி வேறு. மட்டமான பள்ளிகளைக் காப்பாற்ற நினைத்தவர்கள் அன்று முன்வைத்த வாதம் ‘ஏழைப் பையன் எங்கே போவான்?’ என்பது. ஃப்ளெக்ஸ்னரின் பதிலை என் வார்த்தையில் சொன்னால்: மருத்துவனாவது ஏழைப் பையனின் உரிமை அல்ல, அது சமூகத்துக்கு நல்லதாக இருந்தால்தான் அவனுக்கு இடம். மேலும் ஏழைப் பையனைக் காட்டிப் பள்ளி நடத்துபவர்கள் உண்மையில் காப்பது தங்கள் பையைத்தான்.

இரண்டாவது பாதியை முழுதாக ஒத்துக்கொள்கிறேன். முதல் பாதியில் நின்றுவிடுகிறேன். காரணம், என் வீட்டு ஏழைப் பையன் ஒரு பெண், அவளுக்காக நாலு ஏக்கர் போயிருக்கிறது. அவள் படித்த கல்லூரியை யாராவது நேர்மையாக ஆய்வு செய்திருந்தால் அவள் டாக்டராகவே முடியாது. தரம் வேண்டும் என்று நான் எழுதும் ஒவ்வொரு வரியும் அவள் இருக்கையை இழுக்கிறது.

*

நம் நாட்டிலும் ஒரு ஃப்ளெக்ஸ்னர் தருணம் வந்தது. 1946ல் போர் குழு தன் அறிக்கையைத் தந்தபோது இந்தியாவில் பதிவுபெற்ற மருத்துவர்கள் ஏறத்தாழ 47,500 பேர். அவர்களில் 30 ஆயிரத்தை ஒட்டியவர்கள் பட்டதாரிகள் இல்லை. குறுகிய காலப் படிப்பு முடித்த எல்எம்பி டாக்டர்கள். நம் தாத்தா பாட்டிகள் ‘எல்எம்பி டாக்டர்’ என்று மரியாதையாகச் சொன்னது இவர்களைத்தான். இனி நாட்டில் ஒரே வகை மருத்துவர் போதும், அவர் எம்பிபிஎஸ் படித்தவராக இருக்கட்டும் என்று குழு பரிந்துரைத்தது. குழுவுக்குள்ளேயே சிலர் மறுத்தார்கள். இவ்வளவு பெரிய நாட்டில் இவ்வளவு குறைவான மருத்துவர்களை வைத்துக்கொண்டு இந்தக் கதவை மூடினால் கிராமத்துக்கு யார் போவார்கள் என்பது அவர்கள் கவலை. கதவு மூடப்பட்டது. அந்தக் கேள்வி இன்றுவரை திறந்தே கிடக்கிறது.

சென்னை மாகாணத்தில் இந்த மாற்றம் முன்கூட்டியே, 1930களின் இறுதியிலேயே வந்துவிட்டது. வேலூரில் ஐடா ஸ்கடர் 1918ல் பெண்களுக்காகத் தொடங்கிய மருத்துவப் பள்ளி எல்எம்பி படிப்புக்கானது. எம்பிபிஎஸ் கல்லூரியாக உயர வேண்டும், இல்லையேல் நிறுத்த வேண்டும் என்ற நிலை. கூடுதல் படுக்கைகள், உயர்படிப்பு படித்த ஆசிரியர்கள், ஏராளமான பணம் எல்லாம் தேவைப்பட்டன. எழுபது வயதைக் கடந்த ஐடா ஸ்கடர் போர்க்காலத்தில் அமெரிக்கா போய் ஊர் ஊராகப் பணம் திரட்டினார். 1942ல் அது எம்பிபிஎஸ் கல்லூரியாகியது. 1947ல், பெண்களுக்கென்றே தொடங்கிய இடத்தில் ஆண்களும் சேர்க்கப்பட்டார்கள். அதற்கு உள்ளேயே வருத்தங்கள் இருந்தன. இன்று சிஎம்சி என்றால் நாம் அறிந்தது அந்தக் கல்லூரியைத்தான்.

வேலூரை எல்லாராலும் பின்பற்ற முடியாது. அவர்களுக்குப் பின்னால் பல நாட்டு மிஷன்கள் இருந்தன. நான் அங்கே கவனிப்பது ஒன்றைத்தான். ஆள் இல்லை என்பதை அவர்கள் உரக்கச் சொன்னார்கள். இல்லை என்று சொன்னதால்தான் தேட முடிந்தது. வாடகைக்கு எடுத்து நிறுத்தியிருந்தால் பற்றாக்குறையே கண்ணுக்குத் தெரியாமல் போயிருக்கும்.

அதனால்தான் 2025ல் ஆசிரியர் தகுதி விதிகள் தளர்த்தப்பட்டபோது எனக்குப் பெரிய கோபம் வரவில்லை. அரசு மருத்துவமனையில் பத்தாண்டு அனுபவமுள்ள நிபுணர் இணைப் பேராசிரியராகலாம் என்றார்கள். அது சரியா தவறா என்று சண்டை போடலாம். எழுதி வைத்த விதி, எதிர்க்க முடியும், நாளை மாற்ற முடியும். பேப்பரில் இருக்கும் பேராசிரியரோடு அப்படிச் சண்டை போட முடியாது. அவர் ஏற்கெனவே இருக்கிறார் என்று கணக்குச் சொல்கிறது.

*

இனி அந்த வார்டுக்கு வருகிறேன். மறுநாள் நடந்ததை அவள் பிற்பாடுதான் சொன்னாள்.

பெண்கள் அறுவைசிகிச்சை வார்டில் பதினாலாம் படுக்கை. நைட்டி, கையில் பிளாஸ்டர், காலியாக ஒரு டிரிப் பாட்டில். பதினொரு மணிக்கு ஆய்வாளர் வந்தார். அவரும் எங்கோ ஒரு கல்லூரியில் பேராசிரியர்தான். “என்னம்மா செய்யுது?” அவள் பாடப்புத்தகத்தை அப்படியே ஒப்பித்தாள். முதலில் தொப்புளைச் சுற்றி வலி, பிறகு வலது பக்கம் இறங்கியது, வாந்தி, லேசான காய்ச்சல். அவர் வயிற்றை மெல்ல அழுத்திச் சட்டென்று கையை எடுத்தார். கையை எடுக்கும்போதுதான் வலிக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். சரியாக அப்போது முகத்தைச் சுளித்தாள்.

அவர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், “எந்த இயர்?” என்றார்.

“தேர்ட் இயர் சார்.”

“நான் தொப்புள் பக்கத்துல அமுக்கினதுக்கே துள்ளுற. மெக்பர்னி பாயின்ட் இன்னும் வெளியே.” இடுப்பெலும்பின் முனையிலிருந்து தொப்புள் வரை விரலால் ஒரு கோடு இழுத்து, முனையிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் விரலை வைத்துக் காட்டினார். “இங்க.” பிறகு நிமிர்ந்து தன் தாளில் எதையோ எழுதிக்கொண்டு பதினைந்தாம் படுக்கைக்குப் போய்விட்டார். கல்லூரிக்கு அந்த வருடம் அனுமதி புதுப்பிக்கப்பட்டது.

“மூணு வருஷத்துல ஒரு புரொஃபசர் எனக்குப் படுக்கைக்குப் பக்கத்துல நின்னு சொல்லிக்கொடுத்த ஒரே பாடம் மாமா அது” என்றாள். “நான்தான் படுக்கைல இருந்தேன்.”

அந்த ஆய்வாளரை நான் அடிக்கடி நினைக்கிறேன். அவர் லஞ்சம் வாங்கினாரா என்று தெரியாது. அனுமதியை மறுத்தால் இந்தப் பிள்ளைகள் நடுத்தெருவில் நிற்பார்கள் என்று இரக்கப்பட்டிருக்கலாம். என்னைப்போலவே மூன்று நொடியில் முடிவெடுத்திருக்கலாம். குற்றமில்லாத நன்மையைத் தருமானால் பொய்யும் மெய்யின் இடத்தில் வைக்கப்படும் என்று வள்ளுவர் ஒரு சிறு வாசலைத் திறந்து வைத்திருக்கிறார். கல்லூரி நிர்வாகம், ஆய்வாளர், பெற்றோர், நான் எல்லாருமே அந்த வாசலில்தான் முண்டியடித்துக்கொண்டு நிற்கிறோம். பிள்ளைகள் நன்மைக்காகத்தான் என்கிறோம். நன்மை என்பது வரை சரி. குற்றமில்லாத என்ற அடைமொழியில்தான் மாட்டிக்கொள்கிறோம். நன்மை பெறுபவர்கள் எல்லாரும் அந்தக் கட்டடத்துக்குள் இருக்கிறார்கள். தீமை பெறப்போகிறவர் இன்னும் வரவில்லை. பத்து வருடம் கழித்து ஏதோ ஓர் ஊரில், வலது பக்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கப்போகிறார். நம் பேரத்தில் அவருக்கு வாய் இல்லை. அன்றைய வார்டில் உண்மையிலேயே காலியாக இருந்த படுக்கை அவருடையது.

2019ல் வந்த புதிய பாடத்திட்டத்தில் மனப்பான்மை, அறம், உரையாடல் ஆகியவற்றுக்கென்று ஏட்காம் என்ற தனிப் பகுதி இருக்கிறது. சடலத்தை முதல் ஆசிரியராக மதிப்பது முதலாண்டிலேயே அதில் ஒரு தலைப்பு. நல்ல பாடம்தான். இறந்தும் வந்து படுத்திருக்கும் அந்த முகம் தெரியாத மனிதர் ஒரு நாளும் விடுப்பு எடுப்பதில்லை, கணக்கில் மட்டும் இருப்பதுமில்லை. ஆனால் அந்தப் பாடத்துக்கு மதிப்பெண் வாங்கிய மாணவர்களைத்தான் திங்கட்கிழமை கேஸ் ஷீட்டோடு படுக்க வைக்கிறார்கள். கேஸ் ஷீட் என்பது மருத்துவத்தில் சத்தியத்தின் இருப்பிடம். அடுத்த ஷிப்டில் வருகிற டாக்டர் அதை நம்பித்தான் மருந்து கொடுப்பார். அதில் இல்லாத காய்ச்சலை எழுதலாம், அளக்காத ரத்த அழுத்தத்துக்கு 120க்கு 80 என்று போடலாம் என்று ஒரு மாணவி பார்த்துவிட்டால், அறத்துக்கென்று எத்தனை வகுப்பு எடுத்தாலும் முதலில் கற்ற பாடம் அதுதான். அதை நடத்தியவர்களில் நானும் ஒருவன், போன் வழியாக.

*

“சரி, நீ என்னதான் சொல்லியிருக்கணும்?” என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. இருபது வயதுப் பெண்ணிடம் போய் நிர்வாகத்தை எதிர்த்து நில் என்று சென்னையில் ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு சொல்வது வீரமில்லை. எதிர்த்தவர்களுக்கு என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரியும். 2016 ஜனவரியில், அன்றைய விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு தனியார் இயற்கை மருத்துவக் கல்லூரி மாணவிகள் மூன்று பேர் இறந்துபோனார்கள். ஆசிரியர் இல்லை, வசதி இல்லை, கட்டணம் மட்டும் வாங்குகிறார்கள் என்று அங்கே படித்தவர்கள் அதற்கு முன்பே புகார் சொல்லிப் போராடியிருந்தார்கள். யாரும் உரிய நேரத்தில் கேட்கவில்லை. அன்றிரவு என் மனதில் அதுவும் இருந்தது.

ஆகவே பாரத்தை அவள் தலையில் வைக்க எனக்கு உரிமையில்லை. பாரம் எண்ணுபவர்கள்மேல் இருக்கிறது: இத்தனை ஆசிரியர்கள் இருக்கிறார்கள், ஆகவே இத்தனை இடங்கள் என்று தொடங்காமல், இத்தனை இடங்கள் அறிவித்தாயிற்று, ஆகவே இத்தனை ஆசிரியர்களைக் காட்டு என்று தொடங்குபவர்கள்மேல். ஆசிரியர் இருக்கும் அளவுக்கு இடம் என்று வைத்தால் வளர்ச்சி மெதுவாக இருக்கும். என் அக்கா மகளைப் போன்ற சிலர் டாக்டராக மாட்டார்கள். காட்டை விற்றும் பயனில்லாமல் போகும். இதை எழுதும்போது எனக்கு வலிக்கிறது, ஆனாலும் இதுதான் சரி என்று நினைக்கிறேன். ஃப்ளெக்ஸ்னர் செய்ததுபோல் ஏழைகளின் கல்லூரியை மூடிவிட்டுக் கை கழுவுவதை நான் சொல்லவில்லை. நோயாளி நிரம்பி வழியும் மாவட்ட அரசு மருத்துவமனைகளில் ஆசிரியரை வளர்க்க முதலில் பணம் போடுங்கள், இடம் பின்னால் வரட்டும் என்கிறேன். அதுவரை குறையைக் குறை என்றே எழுதி வையுங்கள்.

அவள் இப்போது இறுதியாண்டு முடிக்கிறாள். விடுமுறைக்கு ஊருக்கு வந்தால் தெரிந்த டாக்டர் ஒருவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு அரசு மருத்துவமனை புறநோயாளிப் பிரிவில் அவர் பின்னால் நிற்கிறாள். காலை எட்டு மணியிலிருந்து மதியம் வரை நின்றே பார்க்கிறாள். “உண்மையான வயிறு வேற மாதிரி இருக்கு மாமா. ஒருத்தரும் புக்ல இருக்கற மாதிரி வலியைச் சொல்ல மாட்டேங்கறாங்க” என்றாள்.

போன பொங்கலுக்கு மொட்டை மாடியில் தனியாக இருந்தபோது அவளிடம் அந்த இரவைப் பற்றிப் பேசினேன். படுத்திரு என்று நான் சொல்லியிருக்கக் கூடாது என்றேன். அவள் கொஞ்ச நேரம் கைப்பிடிச் சுவரில் இருந்த காரையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

“நீங்க வேண்டாம்னு சொல்லியிருந்தாலும் நான் படுத்திருப்பேன் மாமா. எனக்கு வேற வழி இல்ல.” பிறகு சொன்னாள்: “ஆனா நீங்க வேண்டாம்னு சொல்லியிருக்கலாம்.”